வரப்போரத்து நாலு வரிசை

“...அதைத் தின்னா மாட்டுக்கு என்ன ஆகும்னு தெரியாதுங்கிறாரு உங்க ஆபீசரு. திங்காட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமே, கொழுந்தனாரே!”

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று மதினி இதைச் சொன்னபோது என் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. எனக்குப் பின்னால் குழி. குழிக்குள் ஒரு ஏக்கர் மக்காச்சோளம், வேரோடு பிடுங்கிப் போட்டது. மதினிக்குப் பின்னால் அவள் பசு. அதன் இடுப்பெலும்பு இரண்டும் தோலை முட்டிக்கொண்டு நின்றன. துண்டைத் தொங்கப் போடலாம், அப்படி இருந்தது.

எரியோட்டுக்குத் தெற்கே இருக்கிற அந்த மானாவாரிக் காடு மதினியுடையது. சொந்த மதினி இல்லை, முறைக்கு மதினி. அண்ணன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார். இரண்டாயிரத்தைத் தாண்டி மழை வரிசையாகப் பொய்த்த வருஷங்கள் அவை. ஒரு விதைக் கம்பெனி வந்து மதினியின் காட்டில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது. போர் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, சுற்றிக் கம்பி கட்டி, ‘ஆராய்ச்சித் திடல், உள்ளே வரக்கூடாது’ என்று பலகை வைத்தார்கள். காவலுக்கும் குறிப்பெழுதவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் எழுத்து எங்கே கிடந்தாலும் வாசிப்பேன், உரச் சாக்கில் அச்சடித்தது உட்பட. வாசித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆபீசர் எனக்கு விவரம் சொன்னார். நாம் கொட்டுகிற யூரியாவில் நிறையப் பங்கு பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை, காற்றிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கலந்து வீணாகிறது. இந்தச் சோளத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் தழைச்சத்துக் கொடுத்தாலும் அதைச் சிந்தாமல் எடுத்துக்கொள்ளுமாம்.

அன்றைக்கே மதினியிடம் ஓடினேன். “இது பசி தாங்குற பயிரு மதினி. அரை வயித்துக்குப் போட்டா முழு வயித்துக்கு வெளையும்.”

“யாத்தே, எம்புட்டுப் பெரிய படிப்பு! அந்த ஊசியை எம் மாட்டுக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க. அப்படியே எனக்கும் சேத்துப் போட்டுட்டா, ரேசன் கடைக்கு நடக்கிற செருப்பு மிச்சம்.”

புதுச் சோளத்தையும் சாதாரண ஊர்ச் சோளத்தையும் பாத்தி பாத்தியாகப் பிரித்து நட்டிருந்தோம். சிலதுக்கு முழு உப்பு, சிலதுக்குப் பாதி, சிலதுக்கு ஒன்றுமே கிடையாது. யூரியாவை எங்கள் பக்கம் உப்பு என்றுதான் சொல்வது. வாரம் ஒரு நாள் பச்சைநிற அட்டையை இலையோடு ஒட்டிப் பிடித்து, எந்தப் பச்சைக்குப் பொருந்துகிறது என்று எழுத வேண்டும். உப்பே காணாத பாத்திகள் வெளிறிப்போய் நிற்கும். மதினிக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

“எல்லாத்தையும் ஒரே பந்தியில உக்கார வச்சு, ஒண்ணுக்குச் சோறு, ஒண்ணுக்கு வெறும் இலை. அதை நோட்டுப் போட்டு வேற எழுதுறீக. உருப்படுவீகளா?”

கதிர் பிடிக்கிற சமயத்தில், பாதி உப்புப் போட்ட புதுச் சோளம், முழு உப்புத் தின்ற ஊர்ச் சோளத்துக்குச் சமமாக நின்றது. அட்டையை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். ஒரே பச்சைதான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வேலையை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். குறை என் வாயில் இருந்தது.

அந்த ஒரு ஏக்கரைத் தவிர ஊரில் பச்சை இல்லை. வைக்கோல் இல்லை, மாட்டுக்குப் போடச் சோளத் தட்டை இல்லை. ஒவ்வொரு வீடாக மாட்டை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மதினி வீட்டுக்கும் தரகர் வந்தார். விலை படிந்தது. மதினி நேரே வேலிக்கு வந்தாள்.

“கொழுந்தனாரே, ஒத்தை வார்த்தை சொல்லுங்க. தட்டை வருமா, வராதா? வராதுன்னா இப்பவே கயித்தை அவுத்துர்றேன்.”

எங்கள் பக்கம் மாட்டைக் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். தன் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுருட்டிவிட்டால் அதோடு மாடு அடுத்தவருடையது. அப்புறம் பேச்சுக் கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. குத்தகைக்கு விட்ட காட்டில் கதிர் குத்தகைக்காரருக்கு, வரப்போரத்துத் தட்டை காட்டுக்காரருக்கு. யாரும் எழுதி வைப்பதில்லை. திடலைச் சுற்றி நாலு வரிசை, வேடசந்தூர் கடையில் வாங்கிய சாதாரண விதையை நட்டிருந்தோம். உள்ளேயிருந்து பறக்கிற மகரந்தத்தை வெளியே போகவிடாமல் பிடிப்பதற்கு. இதையும் நானே என் கையால் நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஆபீசரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சுத்தியிருக்கிற நாலு வரிசை ஊர் விதைதான் மதினி. அது உங்களுக்கு இல்லாம யாருக்கு? நான் பொறுப்பு.”

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மதினி எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பசுவின் கடைசிப் பால் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அறுப்பு வாரத்தில் ஆபீசர் வந்தார். கதிரை நிறுத்து எழுதிக்கொண்டார். பிறகு, எல்லாவற்றையும் பிடுங்கிக் குழியில் போட்டுக் கொளுத்தி மூடச் சொன்னார். சோதனை முடியாத பயிர், ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது.

“சார், ஓரத்து நாலு வரிசை கடை விதைதானே?”

“மகரந்தம் விழுறதே அதுலதானேப்பா. அதுக்குத்தானே நட்டோம்?”

“அதுல கதிரை மட்டும் ஒடிச்சுப் போட்டுட்டு, தட்டையையாவது... மாடு ஒண்ணு பட்டினி கெடக்கு சார்.”

“தின்னா மாட்டுக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

கோபக்கார மனிதர் இல்லை. சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்து, இந்தப் பக்கம் திரும்பாமலே இருந்தார்.

நான் தரகர் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன். அவர் வந்து பசுவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “இதை வண்டியில ஏத்தவே நாலு ஆளு வேணும் அப்பு. சந்தையில எறக்கும்போது உசிரு இருக்கணுமில்ல” என்றார். மதினி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கொளுத்துகிற அன்றைக்குத்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வந்து, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எதற்கும் ஒரு சொலவடை வைத்திருந்த நான் டின்னைக் குழியில் கவிழ்த்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தேன். ஆடிக் காற்றில் மூன்று குச்சி அணைந்தது. நாலாவது பற்றியது. பச்சைத் தட்டை எரியாமல் புகைந்தது, வெல்லப் பாகு தீய்ந்த மாதிரி ஒரு வாசனை. பசு கம்பிக்கு மேலாக மூக்கை நீட்டி அந்த வாசனையை இழுத்தது.

மதினி குனிந்தாள். மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். முழங்கையில் நிதானமாகச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, மாட்டை என் வேலியோரம் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.