மூன்றாவது தியேட்டரில் மூன்று கேஸ்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். நடந்தது. மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஓர் அரசு மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஆண்டு 2021. அறுவைச் சிகிச்சை பயிலும் பதினொரு டாக்டர்களைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு டாக்டர் ரமணியின் தலையில் விழுந்திருந்தது. கோவிட் வார்டில் ஆள் பற்றவில்லை. பதினொரு பேரையும் அங்கே அனுப்பினார். தானும் போய் நின்றார். அவசரமில்லாத ஆபரேஷன்கள் எல்லாம் ரத்து. யாரைத் தள்ளிப்போடுவது என்று பட்டியலில் சிவப்புக் கோடு போட்டதும் அவர்தான். ஒவ்வொரு கோடும் அவர் மனதை அறுத்தது.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவர் நகக்கண்ணில், ஆபரேஷனுக்கு முன் தோலில் பூசும் ஐயோடின் கறை இருக்கும். கத்தியைத் தொட்டே மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 23, திங்கள். லாக்புக்குகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார். பயிற்சி டாக்டர்கள் தாங்கள் செய்த ஆபரேஷன்களை எழுதி, கூட நின்ற பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்கும் புத்தகம் அது. இந்த மாதப் பக்கம் பத்துப் பேருடையதிலும் காலி. கிஷனுடையதில் மட்டும் மூன்று கேஸ். மூன்றும் செவ்வாய், மதியம் 2.00, மூன்றாவது தியேட்டர். மூன்று பேரும் அவர் சிவப்புக் கோடு போட்டவர்கள்.

அந்தத் தியேட்டரை மே மாதமே பூட்டியாகிவிட்டது.

ரமணிக்குக் கோபம் தலைக்கேறியது. பொய்க் கேஸ் எழுதினான் என்று அறிக்கை போனால் கிஷனின் நான்கு வருடப் படிப்பு பாழ். இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும். அவனைக் கூப்பிட்டார்.

“ஏன் கிஷன் இப்படிப் பண்ணே? ரிப்போர்ட் போனா உன் கதை முடிஞ்சிச்சு, தெரியுமா?”

“மேடம், நீங்கதான வார்டு கதவுகிட்ட நின்னு கையாட்டிக் கூப்பிட்டீங்க! ஆபரேட் பண்ணதே நீங்கதான்.”

“நானா? அந்த நேரம் நான் வார்டுக்குள்ள இருந்தேன் லா.”

“மாஸ்க் போட்டிருந்தீங்க. கவுன்ல உங்க பேரு. ஒரு வார்த்தை பேசல. கடைசி முடிச்ச மட்டும் இடது கையால போட்டீங்க.”

 அது ரமணியின் பழக்கம்தான். ஆனால் கிஷன் ஜூனில்தான் மாற்றலாகி வந்தவன். அவர் ஆபரேஷன் செய்து அவன் பார்த்ததே இல்லை.

மறுநாள், செவ்வாய். மதியம் 1.55. இருவரும் போய்ப் பூட்டைத் திறந்தார்கள். தியேட்டர் முழுக்க அட்டைப்பெட்டிகள். மெஷின் ஒன்றுகூட இல்லை.

“இங்கதான் மேடம்... ஆனா அப்போ இந்தப் பெட்டியெல்லாம் இல்ல.”

மணி 2.00.

பீப்... பீப்... பீப்...

இதயத் துடிப்பு காட்டும் மெஷினின் சத்தம்.

ரமணி தலைக்கு மேலிருந்த பெரிய விளக்கைத் தொட்டார்.

சுட்டது.

ஓடி வந்துவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பியதும் லாக்புக்கின் முதல் பெயருக்குப் போன் செய்தார். மாரியாயி, பூச்சோங். மகன் இராமலிங்கம் எடுத்தார்.

“அம்மா இந்த மாசம் மூணாந்தேதி போயிட்டாங்க டாக்டர். வீட்டுலயே. சரியா மூணு இருபதுக்கு.”

ரமணி பக்கத்தைப் பார்த்தார். ஆகஸ்ட் 3. ஆபரேஷன் முடிந்த நேரம் 3.20. தையல் பதினாறு.

“மன்னிச்சிருங்க... அவங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாம போச்சு...”

 

“என்ன டாக்டர் சொல்றீங்க? குளிப்பாட்டுறப்போ பார்த்தோமே. வயித்துல பதினாறு தையல் இருந்திச்சு.”

அறிக்கையை ரமணி எழுதவில்லை. மூன்று கேஸுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.