ஓம் என்ற வாயில் ஆமா

பிள்ளைகளா, அய்யா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'படத் தயாரிப்பாளர்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறீர்களாம். உங்கள் அம்மா சொன்னாள். கொஞ்ச நாளைக்கு மைக்செட் போடுகிறார் என்றே சொல்லுங்கள். ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

ராமநாதபுரத்தில் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டிக்கொண்டிருந்தவன் நான். பிறகு கல்யாண வீடியோ, அதிலிருந்து குறும்படம். பெரிய கம்பெனிகள் ஏறெடுத்துப் பார்க்காத சனங்களின் கதையை அவர்கள் பேச்சிலேயே எடுக்க வேண்டும் என்பதுதான் என் கொள்கை. மேடை கிடைத்த இடமெல்லாம் அதைச் சொல்வேன். கை தட்டுவார்கள்.

முதல் பெரிய படத்தை மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இயக்கினாள். சண்டைக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் குடியிருக்கும் முகாம் அது. அவளுடைய அம்மாவே நடித்தார். படகில் ஏறும் நேரத்தில் "வாறியா?" என்று ஒருவர் கேட்க, அந்தம்மா கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு "ஓம்" என்பார். நம் 'ஆமா'தான் அவர்களுக்கு 'ஓம்'. படமே அந்தச் சொல்லில்தான் நின்றது.

சென்னையிலிருந்து படத்தை வாங்க வந்தவர் அந்த இடத்தில் சிரித்துவிட்டார். "என்னண்ணே, படகுல ஏறுறப்ப சாமி கும்பிடுறாங்களா? சனத்துக்குப் புரியாது. நம்ம பேச்சுல மாத்திக் குடுங்க, எடுத்துக்கிறேன்."

இந்தப் படம் விலை போகாவிட்டால் இனி என்னை நம்பி யார் வருவார்கள் என்று பயந்தேன். மதுரையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து அந்தத் தாயின் பேச்சு முழுவதையும் மாற்றிப் பேசவைத்தேன். மகள் கேட்டதற்கு, "காத்து இரைச்சலா இருக்கு தாயி, அதைச் சுத்தம் பண்ணுறோம்" என்றேன்.

முகாமில் திரை கட்டி முதலில் அவர்களுக்கே போட்டோம். நீங்களும் வந்திருந்தீர்கள். படகுக் காட்சியில் அந்தம்மாவின் உதடு ஓம் என்று குவிந்தது. ஸ்பீக்கர் "ஆமா" என்றது.

"அன்ரி மதுரைக்குப் போயிட்டா!" என்று அந்தம்மாவைச் சொல்லி எவனோ கத்த, கூட்டமே சிரித்தது. அந்தம்மா மட்டும் மகளிடம் மெதுவாகக் கேட்டார்: "ஆரடி பிள்ளை, என்ர வாய்க்குள்ள நிண்டு கதைக்கிறது?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப நாங்கள் கதைக்கிறதுதான் உங்களுக்கு இரைச்சலோ, அண்ணை?"

உங்களில் சின்னவள் வேறு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அய்யா, அந்த அத்தை ஏன் நம்மள மாதிரி பேசுது?" என்றாள்.

பழைய சத்தத்தையே திரும்பப் போட்டேன். வாங்க வந்தவர் அதன்பிறகு போனை எடுப்பதில்லை. அதே முகாமில் மறுபடி படத்தைப் போட்டபோது, அந்த "ஓம்" வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தம்மா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் இப்போது அடுத்த படத்துக்குக் கதை எழுதுகிறாள். போன வாரம் போய், "இதையும் நானே தயாரிக்கிறேனே தாயி?" என்று கேட்டேன். ஓம் என்பாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பம், அண்ணை" என்றாள்.