மாமாவின் விரதம்

என் கணவர் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவள் நான்தான். அது லிம்போமா என்னும் புற்றுநோயாம். கீமோ ஏற்றிக் கரைந்த கட்டி, மறு வருடமே திரும்பி வந்தது. புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஸ்டெம் செல் ஏத்தணும்" என்றார். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்தே நான் மாமா என்று கூப்பிடும், துறையூரிலிருக்கும் அவருடைய அண்ணனுக்குப் போன் செய்து அதை அப்படியே ஒப்பித்தேன். நான் ஒரு அவசரக்குடுக்கை.

"கூடப்பொறந்தவன் நான் எதுக்கும்மா இருக்கேன்? எங்கிட்டேருந்து எடுத்துக்கச் சொல்லு," என்றார் மாமா. கொடுக்கிற உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்றோடு குடியை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம்தான் டாக்டர் விவரமாகச் சொன்னார். ரத்தத்தை உண்டாக்கும் அந்தச் செல்லை இவர் உடம்பிலிருந்தே எடுப்பார்களாம். பிறகு கடுமையான மருந்து கொடுத்து நோயை அழித்துவிட்டு, எடுத்ததை இவருக்கே ஏற்றுவார்களாம். "விதை நெல்லை எடுத்து வச்சுக்கிட்டு வயலைச் சுத்தம் பண்ற மாதிரிம்மா," என்றார். நான் விவசாயி வீட்டுப் பெண், சும்மா இருப்பேனா?

"பூச்சி விழுந்த வயல்ல எடுத்த விதையை யாராவது விதைப்பாங்களா சார்?"

நோய் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து எடுப்பதாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிகளில் உறைய வைப்பார்களாம். இங்கே அந்த வசதி இல்லை, ரத்த வங்கி ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சில நாட்களுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்றார். புரிந்தது போலத் தலையாட்டினேன். வாசலுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிட்டது.

மாமாவிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று போன் செய்தால், எடுத்தது அவர் மனைவி. விஷயத்தைக் கேட்டதும், "இருபது வருஷத்துல இப்பதாம்மா மனுஷன் நிதானமா வீட்டுக்கு வர்றார். 'நீங்க வேண்டாம்'னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத," என்று அழுதார். நான் சொல்லவில்லை. "எப்பம்மா எடுப்பாங்க?" என்று மாமா வாரம் தவறாமல் கேட்பார். "சொல்வாங்க மாமா," என்பேன். செய்வது நல்லதா துரோகமா என்று எனக்கு விளங்கவே இல்லை. "நான் இங்க சாகக் கெடக்கிறேன், நீ எங்க அண்ணனுக்கு வைத்தியம் பாக்கறியா?" என்று கணவர் எரிந்து விழுந்தார்.

எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், ஏற்றினார்கள். ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை பாடு என்றிருந்தது. அதற்கப்புறம்தான் விழுந்தார். வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது. விதைத்தது முளைக்கக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். முளைக்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை. செத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போது நர்ஸ் வந்து, "பிளேட்லெட் ரொம்ப இறங்கிடுச்சு. இவர் ரத்த குரூப்ல யாராவது வந்து குடுப்பாங்களா? குடிச்சுட்டு மட்டும் வரக்கூடாது," என்றார்.

மாமாவுக்கும் அதே குரூப்தான். அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். குளித்து, துவைத்த வேட்டி கட்டி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி மெஷின் பக்கத்தில் கையை நீட்டிப் படுத்தார். பையில் மஞ்சளாக ஏதோ சேர்ந்துகொண்டே வந்தது.

"இதாம்மா அந்தச் செல்லு?"

"ஆமாம் மாமா," என்றேன். அது முழுப் பொய்யா, அரைப் பொய்யா என்று இன்னும் குழம்புகிறேன்.

சில நாட்களில் ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கின. கணவர் வீடு வந்து சேர்ந்தார். தன் செல்லால்தான் தம்பி பிழைத்தான் என்று மாமா துறையூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அப்ப என் செல்லு என்ன பண்ணிச்சாம்?" என்று இவர் முணுமுணுப்பார்.

போன மாதம் ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. "இனி யார்கிட்டேருந்தும் எதுவும் வேண்டாம், செக்கப்புக்கு மட்டும் வாங்க," என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா போன் செய்துவிட்டார்.

"என்னம்மா சொன்னாங்க? நான் இன்னும் வேணுமா?"

கணவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். போட்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"டாக்டர் உறுதியா ஒண்ணும் சொல்லலண்ணே," என்றார். "நீ தயாராவே இரு."



"இருக்கேன்டா," என்றார் மாமா.