நானாஸ் படையின் துரோகி

மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடியும் மழையில் ஊறிய பஞ்சு மெத்தைக்கு ஒரு வாடை உண்டு. யார் வீட்டுக் கைக்குழந்தையின் மூத்திரமோ, மூட்டைப்பூச்சி மருந்தோ, பக்கத்தில் அழுகிக் கிடக்கும் அன்னாசியின் புளித்த இனிப்போ எல்லாம் கலந்த அந்த வாடை இன்றைக்கு எங்காவது மூக்கில் பட்டாலும் எனக்கு வயிறு கலங்கிவிடும்; ஏனென்றால் அந்த மெத்தைமேல்தான் நான் பெக்கான் நானாஸ் ஊரின் வெல்ல முடியாத மல்யுத்த வீரனாக இருந்தேன், ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் கக்கூசுக்கு ஓடிவிட்டு வந்த வெல்ல முடியாத வீரன்.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் நாலு செம்பனை மரங்கள் சதுரமாக நின்றன. யாரோ தூக்கிப் போட்ட மெத்தையை நடுவில் இழுத்து வந்து போட்டு, மரங்களைச் சுற்றி சிவப்பு ராஃபியா கயிற்றைக் கட்டி, பிஸ்கட் டின்னை மணியாக்கி, வாடகை வீடியோ டேப்பில் பார்த்த "ரெஸ்லிங்" முழுவதையும் அங்கே இறக்கினோம். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் "நானாஸ் படை"; மலாயில் நானாஸ் என்றால் அன்னாசி. சண்டைக்கு வரும்போது இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து விரல்களை விரித்துக் காட்டுவோம். அன்னாசியின் கொண்டையாம் அது. படைத் தலைவன் நான். படையின் மூளை, முதுகெலும்பு, என் அடுத்த வீட்டுக்காரன், எல்லாமே அழகன்.

டேப்பில் நடப்பது உண்மைச் சண்டை இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் அழகன்தான். படத்தை மெதுவாக ஓட்டி, குத்து முகத்தில் படவே இல்லை என்று விரல் வைத்துக் காட்டினான். எனக்கு வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவனோ குதித்தான்.

"டேய் குமாரு, அப்படின்னா இது இன்னும் கஷ்டம்டா! அடிக்காமலே அடிக்கணும், வலிக்காமலே கத்தணும். நெசப்பொய்டா இது!"

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் மட்டுமான சொல் அது. நெசப்பொய்யின் சட்டம் ஒன்றே ஒன்று: மெத்தைமேல் நடந்ததை மெத்தைக்கு வெளியே எவனிடமும் பொய் என்று ஒத்துக்கொள்ளக் கூடாது, பெற்ற தாயாக இருந்தாலும்.

எதிரிகள் "லோரி கேங்". அதன் தலைவன் பாலாவின் அப்பா லோரி ஓட்டினார். அதனால் அந்தப் பெயர். எங்களைவிட உடம்பு பெரிசு, ஆனால் கதைப்படி அவர்கள்தான் தோற்க வேண்டும் என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். சனிக்கிழமை தவறாமல் தோற்றுத் தோற்று ஒரு நாள் பாலா கயிற்றை அவிழ்த்து எறிந்தான்.

"எப்பவும் நீங்களே ஜெயிச்சா நாங்க எதுக்கு லா? நான் வீட்டுல போயி மோட்டோ கழுவுறேன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துணி காயப்போட வரும் அக்காமார்கூட எங்கள் சண்டையை நின்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அப்போதுதான் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து அழகன் திட்டத்தைச் சொன்னான். வரும் சனிக்கிழமை சண்டை நடுவில் அவன் என்னை முதுகில் அடித்துவிட்டு லோரி கேங்கில் சேர்ந்துவிடுவான். இது பாலாவுக்கே தெரியாது. தீபாவளி வரைக்கும் நாங்கள் ஜென்ம விரோதிகள். தீபாவளி அன்று, ஊர் பார்க்க, அவன் மெத்தை நடுவில் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்பான். நான் "மன்னிச்சிட்டேன்" என்பேன். அவன் எழுந்து என்னோடு சேர்ந்து கொண்டை விரிப்பான்.

அந்த ஒரே ஒரு வசனத்தைக் கால்வாய் ஓரத்தில் எத்தனை தடவை ஒத்திகை பார்த்தோமோ, அத்தனை தடவையும் நான் கெடுத்தேன். அவன் முட்டி தரையில் படுவதற்குள் "மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன்" என்று பதறிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

"அவசரப்படாதடா, கழுத! மொதல்ல சனம் அழட்டும். அப்புறம் சொல்லு."

சனிக்கிழமை வந்தது. துரோகம் நடக்கப்போவது எனக்குத் தெரியும், எப்போது என்பதும் தெரியும். இருந்தாலும் அழகன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் மூளை நின்றுபோய், கீழே விழ மறந்து, திரும்பி அவனைப் பார்த்து, "இப்பவா?" என்று மரியாதையாகக் கேட்டேன். "விழுடா" என்று பல்லைக் கடித்தான். விழுந்தேன். பாலா வாயைப் பிளந்தபடி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மாடிப்படியில் நின்ற அக்கா ஒருத்தி, "அடப்பாவி, கூடவே இருந்து முதுகுல அடிச்சிட்டானே!" என்று வாளியைக் கீழே போட்டார். அப்படியொரு வெற்றி எங்களுக்கு அதுவரைக்கும் கிடைத்ததில்லை.

அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவன் அழகன். அவன் அம்மா இரவு வேலைக்குப் போவதால் காலையில் எங்கள் வீட்டில்தான் தோசை தின்பான். என் அம்மா, "முதுகுல குத்துறவனுக்கு என் சட்டியில எடமில்ல" என்று சொல்லிவிட்டார். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்பான். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஜாடையில் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான். நெசப்பொய் என்றால் நெசப்பொய்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவன் அப்பாவுக்குச் செனாய் ஊர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்ற வந்தது யார் லோரி? பாலாவின் அப்பா லோரி. துரோகி எதிரியின் லோரியிலேயே போகிறான்! கதைக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? சுருட்டிய பாய்மேல் உட்கார்ந்திருந்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான், "போடா துரோகி!" என்று கத்தினேன், கத்தும்போதே மூக்கு ஒழுகியது. பையனுக்கு எவ்வளவு கோபம் பாரு என்றார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லோரி முனை திரும்பும்போது மட்டும் தலையைச் சொறிகிற மாதிரி கையைத் தூக்கி, விரல்களை விரித்தான். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பிறகு பல வருடம் தொடர்பில்லை. கல்யாணமெல்லாம் ஆகி, நான் தெப்ராவில் குடியிருந்தபோது, செனாயில் ஒரு மாமாக் டீக்கடையில் பின்னாலிருந்து யாரோ முதுகில் பிளாஸ்டிக் நாற்காலியால் தட்டினார்கள். நான் திரும்பாமலே, "இப்பவா?" என்றேன்.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததை நாற்பது தாண்டிய இரண்டு ஆம்பளைகள் செய்யக் கூடாது. ரகசியமாகத் தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய டீ, குடித்தோம். ஊர்க் கல்யாணங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். எங்களை ஒரே மேசையில் உட்கார வைக்காமல் பார்த்துக்கொள்வதைப் பாலா தன் கடமையாகவே செய்தான். என் போனில் அழகனின் எண்ணை "செனாய் பிளம்பர்" என்று பதிந்து வைத்தேன். போன மாதம் அவன் கூப்பிட்டான். "மக கல்யாணத்துக்கு மண்டபம் புடிச்சாச்சுடா. பழைய சனம் மொத்தமும் வருது. மேடையில முட்டி போடப் போறேன். வசனம் ஞாபகம் இருக்கில்ல?"

கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் நெஞ்சு நின்றுவிட்டது. பாலாதான் செய்தி அனுப்பினான்: "அழகன் தவறிட்டான். பழச மறந்துட்டு வா லா."

எதிரி வீட்டுச் சாவுக்கு எப்படிப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உடனே அழலாமா, கொஞ்சம் இறுக்கமாக நின்றுவிட்டு அழ வேண்டுமா? இந்தப் பதற்றத்தில் தெருவைத் தவறவிட்டு, கூடாரம் போட்டிருந்த வேறொரு வீட்டுக்குள் நுழைந்து, பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கைகூப்பித் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இதை அழகனிடம் சொன்னால் தரையில் உருண்டு சிரிப்பான் என்று நினைத்தபடி உள்ளே போனேன். அவன் நடுக்கூடத்தில் படுத்திருந்தான்.

அவன் மனைவி மாலதி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். பேசியதே இல்லை நாங்கள்.

"நீங்கதானே குமார் அண்ணன்? சின்ன வயசுல உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மக கல்யாணத்துல எல்லாரு முன்னாலயும் முட்டி போட்டு மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தாரு. கேக்காமலே போயிட்டாரு. மனசுல எதுவும் வெச்சுக்காதீங்கண்ணே."

பாவி. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

துரோகம் எதுவும் இல்லைம்மா, எல்லாம் விளையாட்டு, போன மாதம்கூட அவன்தான் எனக்குத் தே வாங்கிக் கொடுத்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அவசரப்படாதடா, கழுத. மாலதி அழுதார். கல்யாணப் பெண் அழுதாள். எத்தனையோ சனிக்கிழமை தோற்றும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பாலா, கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வீடு முழுக்க அழுகை நிறையும் வரை காத்திருந்தேன்.

"மன்னிச்சிட்டேன்" என்றேன்.

முதல் தடவையாக அதைச் சரியாகச் சொன்னேன். அடுத்து எழுந்திருக்க வேண்டியவன் எழவில்லை. தலையைச் சொறிகிற மாதிரி நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

திரும்பும் வழியில் பெக்கான் நானாஸுக்குப் போய்ப் பார்த்தேன். நாலு செம்பனையும் இல்லை, அங்கே இப்போது கார் கழுவுகிறார்கள். சோப்பு வாடைதான் அடிக்கிறது. போனில் அந்த எண்ணை அழிக்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்று எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. "அந்தச் செனாய் பிளம்பருக்குப் போன் போடுங்களேன், எந்நேரமும் அந்த ஆளோடதானே பேசிக்கிட்டு இருப்பீங்க" என்றாள் என் மனைவி.

போட்டேன், எடுக்கவில்லை என்றேன்.