ஆர்னி லம்பினனும் ஒன்பதாம் நம்பர் வண்டிகளும்

ஆகஸ்ட் கடைசி வாரம். கல்லூரி பார்க்கிங் அலுவலகத்து ஜன்னலுக்கு முன்னால் நின்ற வரிசை மெல்ல நகர்ந்து யரேலி செப்பேடாவின் முறை வந்தபோது, உள்ளே இருந்த மனிதர் அவள் நீட்டிய ஃபாரத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, வெளியே நின்ற காரைத்தான் பார்த்தார்.

"அந்த பிரவுன் கலர் பியூக் உன்னுதா?"

"ஆமா, சார்."

"சாரெல்லாம் வேண்டாம். ஆர்னி. ஆர்னி லம்பினன். முதல் வருஷமா?"

"ஆமா."

"நாலாம் நம்பர் பார்க்கிங்ல ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கு. உன் ஹாஸ்டல்லயிருந்து அஞ்சு நிமிஷ நடை. அதிர்ஷ்டக்காரிதான் போ."

"எனக்கு ஒன்பதாம் நம்பர் வேணும்."

எழுதப் போன பேனா அப்படியே நின்றது. பக்கத்து மேஜையில் ஸ்டிக்கர்களைப் பிரித்துக்கொண்டிருந்த டார்லா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எது? பனிச்சறுக்கு மேட்டுக்குப் பின்னாடி இருக்கே, அதுவா?"

"அதேதான்."

"இருபது நிமிஷம் நடக்கணும்மா. முழுக்க ஏத்தம். ஜனவரில அந்தப் பக்கம் நரி கூட போகாது."

"பரவால்ல."

"டார்லா, கேட்டியா? பதினோரு வருஷத்துல ஒன்பதாம் நம்பர்தான் வேணும்னு வாய்விட்டுக் கேட்ட மொத ஆளு இவதான்."

"கேக்கறவளுக்குக் கொடுத்துட்டுப் போயேன். பின்னாடி நாப்பது பேரு வெயில்ல நிக்கறாங்க."

"கொடுக்கறேன், கொடுக்கறேன். ஏம்மா, உனக்கு வண்டி எதுக்கு?"

"ஃபாரத்துல அப்படி ஒரு கேள்வி இல்லையே."

"இல்லதான். இது நான் எனக்காகக் கேக்கறது."

"கடைக்குப் போக."

"கடை இந்தப் பக்கம் இருக்கு. நீ அந்தப் பக்கம் போய் வண்டிய விடறேங்கற."

யரேலிக்குக் காது மடல் சூடானது.

"சரி, நான் நம்பல. ஆனா நம்பலன்னு எழுதறதுக்கும் ஃபாரத்துல இடம் இல்ல." அவர் முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார். "ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. பனி விழ ஆரம்பிச்சதும், புதன்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள வண்டிய எடுத்து ஹாக்கி அரங்கத்துப் பக்கம் விட்டுடணும். அப்பதான் நான் அங்க பனி தள்ள முடியும். ஒரு தடவ மறந்தா பேர எழுதிக்குவேன். ரெண்டாவது தடவ மறந்தா பெர்மிட் போச்சு. வண்டி உங்க வீட்டுக்குத் திரும்பிடும்."

இப்படித்தான் யரேலிக்கு ஆர்னி லம்பினனைத் தெரியவந்தது.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இருபது வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். கோடைக்காலத்தில் தரையில் கோடு போடுவார், ஆகஸ்டில் பெர்மிட் கொடுப்பார், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, முன்னால் வாளி பொருத்திய லோடர் வண்டியில் ஏறிப் பனி தள்ளுவார். மதியச் சாப்பாடு லோடருக்குள்ளேயே. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பேஸ்ட்டி ஒன்று, அதன் தலையில் நிறைய கெச்சப். அதன்மேல் குழம்பு ஊற்றித் தின்பவர்களை அவர் மனிதர்களாக மதித்ததில்லை.

முகங்கள் அவருக்கு மனதில் நிற்காது. கடைத்தெருவில் மாணவர்கள் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அவர்கள் வண்டியில் ஏறிய பிறகுதான் முகம் மலரும். "அட, கதவு நசுங்குன சுபாரு! நீயா?" என்று கூப்பாடு போடுவார்.

ஒரு சின்ன நோட்டும் வைத்திருந்தார். கல்லூரி நிர்வாகத்துக்கு எத்தனை வண்டி என்ற எண்ணிக்கை மட்டும் போதும். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தங்க இடமும் மூன்று வேளை சோறும் கல்லூரிக்குள்ளேயே கிடைக்கும் பிள்ளை ஒரு காரைக் கொண்டுவந்து, வருஷத்தில் ஆறு மாதம் பனிக்கடியில் புதைத்து வைப்பது ஏன் என்று ஆர்னிக்குத் தெரிந்தாக வேண்டும். வந்த பதில்களை அந்த நோட்டில் எழுதுவார். ஒருவன் வேறு ஊரில் இருக்கும் காதலியைப் பார்க்க. இன்னொருவன் பீட்சா கடை வேலைக்கு. ஒருத்திக்கு அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார், வேண்டாம் என்றால் அவர் மனசு கஷ்டப்படும். 'எங்கேயும் போகமாட்டேன். ஆனால் போகலாம் என்று தெரிந்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது' என்று ஒருவன் சொன்னதை அப்படியே எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அக்டோபரில், ஒட்டிய ஸ்டிக்கர் உரிந்துபோனதால் புதியது வாங்க யரேலி மறுபடி அந்த ஜன்னலுக்குப் போனாள். உள்ளே டார்லா அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஊரு வம்பு. அதுக்கு ஒரு நோட்டு வேற! கேக்கறதுதான் கேக்கற, உன்னையே ஒரு கேள்வி கேளேன். வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ளயே அரை மணி நேரம் உக்காந்திருக்கியாமே? உன் பொண்டாட்டி போன் பண்ணிக் கேக்கறா, ஆபீஸ்ல எதாச்சும் பிரச்சனையான்னு."

"ரேடியோல ஹாக்கி மேட்ச் கேப்பேன்."

"மேட்ச் இல்லாத நாள்ல?"

ஆர்னி யரேலியின் ஸ்டிக்கரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கண்ணெதிரிலேயே கிடந்தது.

யரேலி ஒன்பதாம் நம்பரைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குக் கணக்கு வரும். அதுவும் ஸ்பானிஷில், எதிரில் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னால்தான் வரும். கிரீன் பே ஊரில், மாமாவின் வீட்டுக் கார் ஷெட்டில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பாடம் நடத்தி நடத்தித்தான் பள்ளிக்கூடத்தைத் தாண்டினாள். இங்கே அறையில் அவளோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் நல்லவர்கள், ஆனால் பேச்சை நிறுத்தமாட்டார்கள். நூலகத்திலோ உதடு அசைந்தாலே திரும்பிப் பார்ப்பார்கள். பியூக்கின் பக்கத்து இருக்கை யாரையும் பார்க்காது. அம்மா கேட்டாள், "தூங்கறதும் திங்கறதும் காலேஜ்லயேதான். அப்புறம் கார் எதுக்குடி?" யரேலி அம்மாவிடமும் கடைக்குத்தான் என்றாள். கண்ணாடியில் முகத்தை வைத்து யாரும் எட்டிப் பார்க்காத இடம் கல்லூரி முழுக்க ஒன்றுதான், அது ஒன்பதாம் நம்பர். அந்தக் கார் போய்விட்டால் கால்குலஸும் போய்விடும். கால்குலஸ் போனால் இன்ஜினியரிங் படிப்பே போய்விடும்.

பனி விழத் தொடங்கியது. நவம்பரில் ஒரு புதன்கிழமை அவள் தூங்கிவிட்டாள். பெயர் எழுதப்பட்டது. அதன் பிறகு பல வாரம் தவறவேயில்லை.

டிசம்பரில் ஒரு நாள், அவள் மேடேறிக்கொண்டிருந்தபோது லோடர் பக்கத்தில் வந்து நின்றது. ஆர்னி கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"பிரவுன் பியூக்!"

"சொல்லுங்க."

"உன் வண்டிகிட்ட காலடித் தடம் போகுது, திரும்பி வருது. டயர் தடம் மட்டும் புதன்கிழமை தவிர காணோம். கடை அங்கயே வருதா என்ன?"

பெர்மிட்டைப் பிடுங்க வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"சொல்ல வேண்டாம், விடு. எனக்குத்தான் ராத்திரித் தூக்கம் போகுது." லோடர் உறுமிக்கொண்டு போய்விட்டது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் இடைத்தேர்வு. அதற்கு முந்தைய புதன்கிழமை அவள் ஏழு மணிக்கே காருக்குள் போய் உட்கார்ந்தாள். மணி எட்டு ஆவதற்குள் வண்டியை நகர்த்திவிடலாம் என்று நினைப்பு. குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டாள். பனி கொட்டிக்கொண்டேயிருந்தது. சிறிது நேரத்தில் கண்ணாடிகள் எல்லாம் வெளுத்து, கார் ஒரு பஞ்சுப் பொதிக்குள் இருப்பதுபோல ஆகிவிட்டது. ஏழாவது கணக்கில் விடை கையில் சிக்காமல் வழுக்கியது. மூன்றாம் முறையாகப் பக்கத்து இருக்கைக்கு அதை முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதைத் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே ஆர்னி மூன்று மேடுகளைப் பார்த்தார். யாரோ நகர்த்த மறந்துபோன மூன்று வண்டிகள். பக்கத்தில் காலடித் தடம் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரப் பனி அதை மூடியிருந்தது. லோடரின் உறுமலில் பியூக்கின் இன்ஜின் சத்தம் அவர் காதில் விழவில்லை. ஆள் இல்லாத வண்டியைச் சுற்றி எப்படித் தள்ளுவாரோ அப்படியே தள்ளினார். பியூக்கின் முதுகுப் பக்கம் பனி டிக்கி உயரத்துக்கு ஏறியது.

உள்ளே பின்கண்ணாடி வெள்ளையிலிருந்து சாம்பல் நிறமானது. கார் குலுங்கியது. யரேலி பதறிப்போய் ஹார்னை அழுத்தினாள், லோடர் நிற்கும்வரை கையை எடுக்கவேயில்லை.

லோடர் நின்றது. அவள் பயத்தில் ஏழாவது கணக்கையே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிவருவது கேட்டது. ஆனால் கதவுப் பக்கம் வரவில்லை. காருக்குப் பின்னால் பரபரவென்று பறிக்கும் சத்தம்.

"இன்ஜின ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுடி பொண்ணே! ஜன்னல இறக்கு!"

சாவியைத் திருப்பி, ஜன்னலை இறக்கி, கதவை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஆர்னி முழங்காலில் உட்கார்ந்து சைலன்சரைச் சுற்றியிருந்த பனியை இரண்டு கைகளாலும் வாரிக்கொண்டிருந்தார். கையுறை ஒன்று எங்கோ போயிருந்தது.

"எட்டு மணிக்கு நகர்த்தியிருக்கணும். தெரியும். ரெண்டாவது தடவ. எழுதிக்கோங்க," என்றாள்.

"என்னத்த எழுதறது? இந்தக் குழாய நான் அடைச்சிட்டேன். புகை மொத்தமும் உள்ள வந்திருக்கும். வாசன கூட தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." அவர் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தார். "தலை சுத்துதா?"

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா."

"உள்ள இன்னொரு ஆளு யாரு? வெளிய வரச் சொல்லு."

"யாரும் இல்ல."

"வண்டிகிட்ட வரப்ப பேச்சுக்குரல் கேட்டுச்சே."

"அது கணக்கு."

"கணக்கா? யாருகிட்ட?"

"சீட்டுகிட்ட."

ஆர்னி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். பக்கத்து இருக்கையில் தாள்கள் அடுக்கியிருந்தன. அதன் பெல்ட்டும் மாட்டியிருந்தது.

"விடை வந்துச்சா?"

"இன்னும் வரல."

"ம்." பனியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஆளு விட்டுட்டுப் போன வண்டிக்குத்தான் அந்த ரூல். நீ எங்க விட்டுட்டுப் போன? உள்ளதான இருந்த. அதனால எழுத ஒண்ணும் இல்ல."

பையிலிருந்து, நடைபாதை ஓரங்களை அடையாளம் காட்டக் கட்டும் ஆரஞ்சு ரிப்பன் சுருள் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு நகராமல் நின்ற மற்ற இரண்டு மேடுகளையும் திரும்பிப் பார்த்தார். ஓடிப்போய்க் கண்ணாடிகளைத் துடைத்துப் பார்த்தார். இரண்டிலும் யாரும் இல்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"உன்ன மாதிரி இங்க வந்து உக்காந்திருக்கறவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

யரேலிக்குத் தெரியும். நீல வேனுக்குள் டிராம்போன் வாசிக்கும் பையன். சனிக்கிழமைகளில் பின்சீட்டில் படுத்துத் தூங்கும் நர்சிங் மாணவி. வெள்ளை டொயோட்டாவில் சும்மா உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரிக்கும் ஒருவன். அவர்களில் யாரிடமும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் கண்ணில் மற்றவர் படாததுபோலக் கடந்துபோவதுதான் அங்கே வழக்கம்.

"மூணு பேரு," என்றாள்.

"யாருன்னு எனக்குச் சொல்லாத. எதுக்குன்னும் சொல்லாத. ஆனா நீ எனக்கு ஒண்ணு செய்யணும், பொண்ணே. அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே போய்ப் பேசு. உள்ள இருக்கறப்ப இந்த ரிப்பன ஆன்டெனாவுல கட்டிடச் சொல்லு. அப்பதான் உள்ள ஆளு இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் போய்ச் சொன்னா பயந்துபோய் வேற எங்கயாச்சும் போய் உக்காந்துக்குவாங்க. நீ சொன்னா கேப்பாங்க. சொல்லுவியா?"