செரட்டையில் கீறிய கோடுகள்

எங்கள் தோட்டத்தில் தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அதனால்தான், ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் நர்ஸ் மிஸ் "வெறும் வயித்தோடதானே வந்தீங்க, அக்கா?" என்று கேட்டபோது, தலையை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை. நாலு மணிக்கு எழுந்து, ஒரு பருக்கை வாயில் வைக்காமல், கேகாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் நான். இரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்ததும் மிஸ் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஒண்ணுமே குடிக்கலயா?"

"தேத்தண்ணி மட்டும்தான் மிஸ்."

"சீனி போட்டு?"

"சீனி போடாம எப்படி மிஸ் குடிக்கிறது?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மிஸ் சிங்களவர்தான், ஆனால் தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழையே பேசுவார். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். எழுந்ததும் ஒன்று, வேலைக்குப் புறப்படும் முன் ஒன்று, போத்தலில் கொண்டுபோவது மூன்று கோப்பை, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, பின்னேரம் ஒன்று, வீட்டுக்காரர் வந்ததும் அவரோடு ஒன்று. எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. வலக்கை விரல் தீர்ந்து இடக்கைக்குப் போனபோதுதான் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அடுத்த வாரம் உண்மையாகவே வெறும் வயிற்றோடு போய் மறுபடி இரத்தம் கொடுத்தேன். சீனி அப்போதும் கூடத்தான் இருந்தது. டாக்டர் என் கார்டை மூடி வைத்தார். இந்த அளவு சீனியோடு கண் ஆபரேஷன் செய்ய முடியாது, கத்தி வைத்தால் புண் ஆறாது, மூன்று மாதத்தில் குறைத்துக்கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றார்.

கண்தான் எனக்கு வேலை. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கத்தியைப் பிடித்தவள், இருபத்தாறு வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போய்க் கத்தி உள்ளே கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும், பிறகு அங்கே பால் வராது. என் மரங்களில் காயம் தேடிக் கண்டுபிடிக்கிறவர் யாரும் இருந்ததில்லை. வலக்கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு அந்தப் பெருமை போயிற்று. டாக்டர் அப்படிச் சொன்ன அதே வாரம் எங்கள் கண்டக்டர் ஐயா, தோட்டத்து வேலையை மேற்பார்வை பார்ப்பவர், என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அடுத்தடுத்து மூன்று மரத்தைக் காட்டினார். மூன்றிலும் காயம். மூன்றும் என் கத்தி.

"ஒன்ன புல்லு வெட்டப் போடுறேன்மா. பொங்கல் வரைக்கும் பாப்பேன். கண்ணு சரியாச்சுன்னா மரம் ஒனக்கு. இல்லாட்டி வேற ஆளுக்கு நிரந்தரமா எழுதிருவேன்."

அப்போது ஆவணி மாதம். என் மரங்களை, எங்கள் வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பெண்ணுக்குக் கொடுத்தார். நான் கத்தியைத் துடைத்துச் சாக்கில் சுற்றி அடுப்புக்கு மேலே செருகினேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. மறுநாளே சீனிப் போத்தலை வீட்டுக்காரரிடம் தூக்கிக் கொடுத்து, "இத என் கண்ணுல காட்டாதீங்க" என்றேன். ரொட்டியை விட்டேன், சோற்றை ஒரு நேரமாக்கினேன், டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெயிலில் புல் வெட்டினேன். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் கைகால் வெடவெடத்து, கண் இருட்டி, தண்ணீர் ஓடும் கானோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பால் வெட்டி முடித்து அந்த வழியாக வந்த அடுத்த காம்பராக்காரி தன் போத்தலை நீட்டினாள். சர்க்கரைப் பாகு மாதிரித் தேத்தண்ணி. ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

"என்னக்கா, விரதம் முடிஞ்சிருச்சா?" என்றாள். உயிரைக் காப்பாற்றினவள் என்று பார்க்காமல் அவளை நாலு வார்த்தை திட்டினேன்.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னபோது அவர் அதைவிட நன்றாகத் திட்டினார். "மாத்திர போட்டுட்டு சாப்பிடாம இருந்தா வெயில்ல விழுந்து செத்துருவீங்க. டிக்க டிக்க, அக்கா. கொஞ்சம் கொஞ்சமா. சீனிய கோப்பைக்குள்ள போடாதீங்க. உள்ளங்கையில வச்சு நக்கிக் குடிங்க. எவ்வளவு திங்கிறீங்கன்னு கண்ணுக்குத் தெரியும்."

வீட்டில் சவர்க்காரம் வைக்கிற பழைய பால் செரட்டை ஒன்று கிடந்தது. மரத்தில் பால் பிடிக்க நாங்கள் கட்டுகிற தேங்காய்ச் சிரட்டைதான். அதைத் தேய்த்துக் கழுவி, எட்டுக் கோப்பைக்கு எத்தனை கரண்டியோ அத்தனையும் எண்ணி எண்ணி அதில் கொட்டினேன். செரட்டையில் பாதிக்கு மேலே வந்து நின்றது சீனி. என் மரங்களில் நல்ல மரம் ஒன்று ஒருநாளைக்குத் தருகிற பால் அவ்வளவுதான் இருக்கும். ஒரு மரத்துப் பாலளவு சீனியைத் தினம் தின்றுவிட்டு, நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னா, கோயிலுக்கு நேந்துகிட்டியா?"

"இல்ல. நான் ஒருநாளைக்குத் திங்கிற சீனி."

அவர் செரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த தன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

இருபத்தாறு வருஷம் மெல்லிசாகச் சீவிப் பிழைத்த எனக்கு இது ஏன் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. பேராசைப்பட்டு ஆழமாக வெட்டுகிறவனுக்கு மரம் சீக்கிரம் காய்ந்துவிடும். தோலாகச் சீவுகிறவனுக்கு வருஷக்கணக்கில் பால் தரும். அடுப்புக்கு மேலே செருகியிருந்த பால் கத்தியை எடுத்து, சீனி நின்ற மட்டத்துக்கு ஒரு நூல் கீழே செரட்டையின் உட்பக்கம் ஒரு கோடு கீறினேன். விடிய எழுந்ததும் அன்றைய சீனியை அந்தக் கோடு வரைதான் நிரப்புவேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் ஒரு கோடு, ஒரு நூல் கீழே.

முதல் இரண்டு வாரம் பொழுது சாய்வதற்குள் செரட்டை காலி. கடைசித் தேத்தண்ணி கசாயமாக இறங்கும், நான் வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுவேன். "நீ சீனிய விட்டாலும் விடுவ, வாய விட மாட்ட" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விடுவார். மூன்றாவது கோட்டில் கோப்பைகள் தாமாக ஆறாகின. நாலாவதிலோ ஐந்தாவதிலோ ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்று, உள்ளங்கையில் துளி சீனியோடு குடித்தபோது, வாயில் வேறொரு ருசி தட்டியது. தேயிலையின் ருசி. பக்கத்து மலையிலேயே அது விளைகிறது, நான் நாற்பத்திரண்டு வயதில்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு தைரியம் வந்தது. காலையில் மூன்று ரொட்டி இரண்டாயிற்று. சோற்றில் ஒரு அகப்பை குறைந்தது, தட்டில் காலியான இடத்துக்கு வல்லாரைச் சம்பல் வந்தது. அதிலும் ஒன்று பழகிய பிறகுதான் மற்றதைத் தொட்டேன்.

தீபாவளி வந்தது. அடுத்த காம்பராக்காரி தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, தின்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். தின்றேன். இரண்டு. அந்த ஞாயிறு புதுக் கோடு கீறவில்லை. பழைய கோட்டுக்கு மேலே ஏற்றவும் இல்லை. முன்பென்றால் கெட்டது கெட்டுவிட்டது என்று முழுத் தட்டையும் முடித்திருப்பேன். அன்றைக்குத்தான் எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

கார்த்திகையில் மறுபடி கிளினிக்.

"சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?" மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எச்சில்கூட முழுங்கல மிஸ்."

ரிப்போர்ட் வந்தது. மிஸ் விரலை வைத்து ஒருதரம் பார்த்தார், கார்டைப் புரட்டிப் பழையதைப் பார்த்தார், திரும்பவும் புதியதைப் பார்த்தார். என் தோளை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு டாக்டரிடம் போனார். டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் எழுதிக் கொடுத்தார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று மாதத்துக்கு முன் சிரித்தார்களே, அதே பெஞ்ச். யார் பார்த்தால் எனக்கென்ன.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, அவர்கள் சொன்ன நாளெல்லாம் அடங்கி இருந்துவிட்டுக் கடைசிக் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். ரப்பர் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. போன வருஷம் மங்கலாகத் தெரிந்த மலை, இப்போது இலை இலையாகத் தெரிந்தது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொண்டு கண்டக்டர் ஐயா முன்னால் போய் நின்றேன். "பத்து மரம் வெட்டு, பாப்போம்" என்றார். அடுத்த காம்பராக்காரியும் பின்னால் வந்து நின்றாள். முதல் மரத்தில் கத்தியை வைத்து இழுத்தேன். சீவல் பூப்போல் சுருண்டு விழுந்தது. பத்தும் முடிந்ததும் ஐயா ஒவ்வொரு வெட்டையும் நகத்தால் தடவிக்கொண்டே போனார். பத்தாவது மரத்தில் நின்று திரும்பினார்.

"ஒரு காயமும் இல்ல. நாளையிலருந்து ஒன் மரம் ஒனக்கு."

"எங்க வீட்டாளுக்கும் சீனி கூடிப்போச்சாம்க்கா," என்று ஐயா போனதும் அடுத்த காம்பராக்காரி மெல்ல என் காதில் சொன்னாள். "அந்தச் செரட்டை..."

"கிழிஞ்சது போ. தேங்கா ஒண்ண உடை, நான் கீறித் தாரேன்" என்றேன்.

என் செரட்டையைக் கொடுப்பதாக இல்லை. மறுநாள் அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் எனக்கு அது தேவையில்லை, உள்ளங்கைக் கணக்குப் போதும். ஐயா காட்டிய மூன்று காய மரத்தில் முதலாவதன் கம்பியில் அதைக் கட்டினேன். காயத்துக்கு மறுபக்கம், நல்ல பட்டையில் சீவினேன். பால் சொட்டத் தொடங்கியது. அடுத்த மரத்துக்குப் போக வேண்டும், போகாமல் நின்றேன். அடிக்கோடு எட்டுவதற்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பால் அதைச் சில நிமிஷத்தில் மூடியது. அதற்கு மேல் கோடு, அதற்கும் மேல் கோடு என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது. நான் சரியாகத்தான் வெட்டியிருந்தேன்.