மடங்காத முழங்கால்

துணிக்கடையில் அவளுக்கு மீட்டர் அக்கா என்று பெயர். கையால் முழம் போட்டாலே அளவு அரை விரற்கடை பிசகாது. முப்பத்தொரு வருடம் சட்டைத்துணிப் பிரிவில் நின்றாள். உட்கார அங்கே நாற்காலி கிடையாது. இருந்தாலும் உட்கார விடமாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டபோது, இரண்டு முழங்காலும் நடக்க நடக்க நறநறவென்று அரைத்தன.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். கல்யாணம் இருவருக்கும் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரேயடியாகப் போய்விட்டது. வீடு இரண்டாம் மாடி. தங்கையின் ஜெராக்ஸ் கடை அதே கட்டடத்தின் கீழே. அக்கா மாடியிறங்குவதே அபூர்வமாயிற்று.

"வலது கால்தான் ரொம்ப மோசம். ஆபரேஷன் பண்ணி முதல்ல அந்த மூட்டை மாத்திடலாம்" என்றார் டாக்டர்.

மூன்று வருடம் சாக்குப்போக்குச் சொன்னாள். தங்கை விடவில்லை.

"அக்கா, நீ பாட்டுக்கு ஜன்னல்லயே கிடப்பியா? ரெண்டு பேரும் கைவீசி நடந்து எத்தனை நாளாச்சு?"

"கத்தி வைக்கிறது உன் கால்ல இல்லடி."

"என் கால்னா எப்பவோ வச்சிருப்பேன். வா."

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. தட்டுகிற சத்தம் மட்டும் தச்சுப்பட்டறை மாதிரி கேட்டது. மறுநாளே வாக்கரைக் கொடுத்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்கு வந்தபின் தங்கைதான் வாத்தியார். குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்க வேண்டும், பத்துத் தடவை. ஐஸ் ஒத்தடம், இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. ஏழாவது எண்ணிக்கையில் அக்கா திட்டத் தொடங்குவாள்.

"இந்தக் கால் போன ஜென்மத்துல யாரை உதைச்சுதோ!"

"என்னைத்தான். எட்டு… சும்மா பேசாம மடக்கு."

தையல் பிரித்தாயிற்று. வீக்கம் இன்னும் சில மாதம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். மூன்றாவது வாரம் தங்கை நெற்றியை அடிக்கடி அழுத்திக்கொண்டாள். பிடரி வலிக்கிறது என்றாள்.

"டாக்டரைப் பாருடி."

"நீ குச்சி இல்லாம நடக்க ஆரம்பி. அப்புறம் என்னைப் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை சமையலறையில் பாத்திரம் விழுந்தது. "என்னத்தடி போட்டு உடைச்சே?" என்று அக்கா கேட்டாள். வாக்கரை எட்டி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பதினான்கு அடி தூரம். அதற்குள் தங்கையை எத்தனை முறை கூப்பிட்டாளோ.

தங்கை தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, அக்காவைத்தான் பார்த்தது.

அவளை மடியில் எடுத்துப் போட வேண்டும். அதற்கு உட்கார வேண்டும். மேடையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். கால் பாதி மடங்கியதும் மரக்கட்டையாய் நின்றுவிட்டது. குனிந்தாள், கை எட்டவில்லை. கடைசியில் பாதத்தை நீட்டி, கால்விரலால் தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். "மன்னிச்சுக்கோடி, மன்னிச்சுக்கோ, வேற வழி தெரியலடி" என்று அழுதாள்.

பிறகு வாசல்வரை நடந்து கதவைத் திறந்து கத்தினாள். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் இறங்கும்போது அவள் படிக்கட்டின் உச்சியில் வாக்கரோடு நின்றாள்.

"நானும் வரேன்."

"நீங்க இறங்குறதுக்குள்ள நேரமாயிடும்க்கா. நான் கூடப் போறேன்" என்றார் தையல்காரர்.

மத்தியானம் தையல்காரரிடமிருந்து போன் வந்தது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். அவர் மேற்கொண்டு சொல்ல முடியாமல் போனைப் பின்னாலேயே வந்திருந்த தன் மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

உடலைக் கட்டடத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மாடி இறங்கினாள் அக்கா. ஒவ்வொரு படிக்கும் ஆபரேஷன் கால் முதலில், இடது கால் பிறகு. தையல்காரர் அவளுக்கு முன்னால் பின்புறமாகவே இறங்கினார். கீழே மேசைமேல் கிடத்தியிருந்ததால் இந்த முறை கை எட்டியது. தங்கையின் கன்னத்தில் கையை வைத்தவள், சாயங்காலம்வரை எடுக்கவில்லை.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிசியோ பெண் வந்து தயங்கி நின்றாள். "இப்ப நிறுத்தினா முட்டி அப்படியே இறுகிடும்மா."

"இறுகட்டும்."

அந்தப் பெண் போகவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து தானும் அழுதாள். வெகுநேரம் கழித்து அக்கா குதிகாலை இழுத்தாள். எண்ணிக்கையை யாரும் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் வலது கால் நன்றாகவே ஆகிவிட்டது. டாக்டர் மற்ற நோயாளிகளுக்கு நடந்து காட்டச் சொல்கிறார். இடது காலை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. "அதுக்கு என் தங்கச்சி வேணுமே டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

ஜெராக்ஸ் கடையை இப்போது அவள்தான் திறக்கிறாள். மிஷினை இயக்கத் தையல்காரரின் மனைவி கற்றுக்கொடுத்தாள். வெகுநாள் கழித்து வருகிறவர்கள் காகிதத்தை நீட்டிக்கொண்டே, "தங்கச்சி எங்கே, லீவா?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவளே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.